நிறுத்தும் உரிமை: கருத்தடை ஆய்வின் மூன்று கிளைகள்

1990 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் நார்பிளான்ட் என்ற கருத்தடைச் சாதனத்துக்கு அனுமதி அளித்தது. ஆறு சிலிகோன் குழல்கள்; ஒவ்வொன்றும் 34 மில்லிமீட்டர் நீளம், 2.4 மில்லிமீட்டர் குறுக்களவு. ஒவ்வொன்றின் உள்ளேயும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற ஹார்மோன் 36 மில்லிகிராம். மேற்கையின் உட்புறத் தோலுக்கடியில் இவற்றைச் செருகிவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கு மாத்திரை வேண்டாம், ஊசி வேண்டாம், நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. மாத்திரை வந்து முப்பது ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பெண்களுக்குக் கிடைத்த புதுவகைச் சாதனம் என்று பத்திரிகைகள் கொண்டாடின.

அதே மாதம் பிலடெல்ஃபியா நகரின் பெரிய நாளிதழ் ஒன்று, ஏழைக் கறுப்பினப் பெண்கள் இதைப் பொருத்திக்கொள்ள ஊக்கத்தொகை தரலாமே என்று தலையங்கம் எழுதியது. எதிர்ப்பு வெடித்ததும் மன்னிப்புக் கேட்டது. அடுத்த மாதம் கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி, குழந்தையைக் கொடுமைப்படுத்திய வழக்கில் தண்டனை பெற்ற பெண்ணுக்கு, நன்னடத்தை விடுதலையின் நிபந்தனையாக நார்பிளான்ட் பொருத்திக்கொள்ளும்படி உத்தரவிட்டார். சாதனத்தை உருவாக்கிய குழுவின் தலைவர் ஷெல்டன் சீகல் அதிர்ந்துபோனார். கட்டாயப்படுத்தும் எந்த நோக்கத்துக்கும் இதைப் பயன்படுத்துவதைத் தாம் முழுமையாக எதிர்ப்பதாகப் பகிரங்கமாக எழுதினார்.

அந்தச் சிறிய குழலுக்குள் மூன்று துறைகளின் உழைப்பு இருக்கிறது. இரத்தத்தில் நானோகிராம் கணக்கில் ஓடும் ஹார்மோனை அளக்கத் தெரிந்தவர்கள், அந்த ஹார்மோனைச் சொட்டுச் சொட்டாகக் கசியவிடும் பாலிமரைக் கண்டவர்கள், இதைப் பெண்ணிடமும் அவள் குடும்பத்திடமும் எப்படி எடுத்துச் சொல்வது என்று ஆராய்ந்தவர்கள். முதல் இரண்டு துறைகளின் வளர்ச்சி பிரமிக்க வைப்பது. மூன்றாவது, குடும்ப ஆலோசனை, எப்போதும் கடைசிப் பந்தியில் உட்கார வைக்கப்பட்டது. கருத்தடை ஆய்வின் சுமார் நூறு ஆண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: ஒரு முறையைத் தொடங்குவது எளிதாக்கப்பட்ட அளவுக்கு, அதை வேண்டாம் என்று நிறுத்துவதும் எளிதாக்கப்பட்டதா?

அளக்கக் கற்ற கதை

1927, 1928 ஆண்டுகளில் பெர்லினில் செல்மார் ஆஷைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் கர்ப்பிணிகளின் சிறுநீரைப் பருவமடையாத பெண் எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். நாலைந்து நாள் கழித்து எலிகளை அறுத்துச் சூலகத்தைப் பார்த்தபோது, முதிர வேண்டிய காலத்துக்கு முன்பே அது முதிர்ந்திருந்தது. சிறுநீரில் ஏதோ ஒரு ஹார்மோன் இருக்கிறது என்பதற்கு அது சான்று. நவீன கர்ப்பப் பரிசோதனை அங்கே பிறந்தது. 1931-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாரிஸ் ஃபிரீட்மன் எலிக்குப் பதில் முயலைப் பயன்படுத்தினார். லான்சிலட் ஹாக்பென் தென்னாப்பிரிக்காவில் ஆராய்ந்த ஜெனோபஸ் தவளை இன்னும் வசதியானது. சிறுநீர்ச் சாரத்தைச் செலுத்தினால் மறுநாளுக்குள் முட்டையிடும், அதைக் கொல்லவும் வேண்டாம், மீண்டும் பயன்படுத்தலாம். 1960-கள் வரை பல நாட்டு மருத்துவமனைகளில் தவளைத் தொட்டிகள் இருந்தன.

பெரும் திருப்பம் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் நேர்ந்தது. இயற்பியலாளர் ரோசலின் யாலோவும் மருத்துவர் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் இன்சுலினை அளக்கக் கதிரியக்க அடையாளமிட்ட ஹார்மோனையும் எதிர்ப்பொருளையும் மோதவிட்டார்கள். இரத்தத்தில் ஹார்மோன் அதிகமாக இருந்தால், அடையாளமிட்ட ஹார்மோனுக்கு எதிர்ப்பொருளில் இடம் குறையும். அந்தக் குறைவை எண்ணினால் ஹார்மோனின் அளவு தெரிந்துவிடும். இந்த முறைக்கு அவர்கள் காப்புரிமை கோரவில்லை; யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விட்டுவிட்டார்கள். பெர்சன் 1972-இல் மறைந்தார். யாலோ 1977-இல் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கிடையே, 1960-இல் ஸ்வீடனில் லீஃப் வீடே, கார்ல் கெம்செல் இருவரும் எதிர்ப்பொருளைக் கொண்டே கர்ப்பத்தைச் சோதிக்கும் முறையை வெளியிட்டார்கள். விலங்குகளுக்கு விடுதலை கிடைத்தது. 1972-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஜூடித் வைட்டுகைடிஸும் அவரது சகாக்களும் எச்.சி.ஜி. ஹார்மோனின் பீட்டா பகுதியை மட்டும் தனியே அடையாளம் காணும் சோதனையை வடித்தார்கள். நஞ்சுக்கொடி உருவாகத் தொடங்கியதும் சுரக்கும் இந்த ஹார்மோன், மாதவிலக்குச் சுழற்சியில் சுரக்கும் எல்.எச். என்ற ஹார்மோனோடு பெரிதும் ஒத்தது. இரண்டையும் பிரித்துக் காட்டியதால் கர்ப்பத்தை மிகத் தொடக்கத்திலேயே உறுதியாகச் சொல்ல முடிந்தது.

சோதனை ஆய்வகத்தை விட்டு வீட்டுக்கு வந்தது ஒரு வடிவமைப்பாளரின் பிடிவாதத்தால். நியூஜெர்சியில் ஆர்கனான் நிறுவனத்துக்கு அழகுசாதனப் பொட்டலங்களை வடிவமைக்க வந்த மார்கரெட் கிரேன், 1967-இல் அங்கே வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்து, இதைப் பெண்களே வீட்டில் செய்துகொள்ளலாமே என்று கேட்டார். மருத்துவர்கள் வாடிக்கையை இழப்பார்கள் என்று நிறுவனத்துக்குள் எதிர்ப்பு. ஆனாலும் அவருடைய மாதிரி 1971-இல் கனடாவில் விற்பனைக்கு வந்தது. 1988-இல் யூனிலீவர் நிறுவனம் ஒரே படியில் முடிவு காட்டும் பட்டையை வெளியிட்டது.

அந்தப் பட்டையில்தான் ஹார்மோன் ஆய்வும் பாலிமர் ஆய்வும் கைகோத்தன எனலாம். நைட்ரோசெல்லுலோஸ் என்ற பாலிமர்த் தாளின் நுண்துளைகள் வழியே சிறுநீர் ஊர்ந்து செல்கிறது. போகும் வழியில் வண்ணத் துகளோடு பிணைந்த எதிர்ப்பொருளை அது அள்ளிக்கொள்கிறது. ஹார்மோன் இருந்தால் அந்தக் கூட்டு குறிப்பிட்ட கோட்டில் சிக்கி நிறம் காட்டுகிறது. துளை பெரிதானால் சிறுநீர் வேகமாக ஓடிவிடும், பிணைப்புக்கு நேரமிராது. சிறிதானால் முடிவு தாமதமாகும். இரண்டு கோடா ஒரு கோடா என்று உலகெங்கும் பெண்கள் பார்க்கும் அந்தச் சில நிமிடங்களின் நம்பகத்தன்மை பாலிமர்த் தாளின் துளையளவில் இருக்கிறது. இந்தியாவில் 'நிஷ்சய்' என்ற பெயரில் 2008-இல் இருந்து இப்பட்டைகள் ஆஷா பணியாளர்கள் வழியாக இலவசமாகக் கிராமங்களுக்குப் போகின்றன. நாள் தள்ளிப்போன ஒரு பெண், யாரிடமும் சொல்லாமல் தானே முதலில் தெரிந்துகொள்ள முடிகிறது என்பது சிறிய மாற்றமல்ல.

அளக்கத் தெரிந்ததும் தடுக்கவும் முயன்றார்கள். புதுடெல்லியில் தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் ஜி.பி. தல்வார் குழுவினர், எச்.சி.ஜி. ஹார்மோனுக்கு எதிராகவே தடுப்பூசி உருவாக்கினார்கள். 1994-இல் வெளியான ஆய்வில் 148 பெண்கள் பங்கேற்றார்கள். அவர்களில் 119 பேருக்குத் தேவையான அளவு எதிர்ப்பொருள் உருவானது. அந்தப் பாதுகாப்பு இருந்த 1,224 மாதவிலக்குச் சுழற்சிகளில் ஒரே ஒரு கர்ப்பம். அறிவியலாகப் பார்த்தால் அரிய சாதனை. ஆனால் ஊசி போட்ட பிறகு மனம் மாறினால் என்ன செய்வது, எதிர்ப்பொருள் எப்போது இறங்கும் என்று பெண்கள் அமைப்புகள் உலக அளவில் கேட்டன. மாத்திரையைத் தூக்கி எறியலாம், கருப்பை வளையத்தை எடுக்கச் சொல்லலாம். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்திடம் யார் பேசுவது? அந்தக் கேள்வி நியாயமானது.

கசியவிடும் பொருள்

பாலிமர் கருத்தடைக்குள் நுழைந்தது ஹார்மோனுக்கு முன்பே. ஆணுறை இயற்கை ரப்பரால் ஆனது. ரப்பர் ஒரு பாலிமர். இந்தியாவில் 1966-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் லேடெக்ஸ் நிறுவனம் 1969-இல் திருவனந்தபுரம் பேரூர்க்கடையில், ஜப்பானின் ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு உற்பத்தியைத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டே 'நிரோத்' சந்தைக்கு வந்துவிட்டது. தேயிலை, சோப்பு, சிகரெட் நிறுவனங்களின் விநியோக வலையைப் பயன்படுத்தி மூன்று ஆணுறை 15 காசுக்கு மளிகைக் கடைகளில் விற்கப்பட்டது. போட்டுக்கொள்வதும் விடுவதும் முற்றிலும் பயனாளியின் கையில் இருந்த சாதனம் அது.

அடுத்து பாலிஎத்திலீன். அமெரிக்காவின் பஃபலோ நகர மருத்துவர் ஜாக் லிப்பஸ் 1962-இல் வெளியிட்ட லூப் என்ற கருப்பை வளையம், வளைத்தாலும் பழைய உருவத்துக்கே திரும்பும் அந்தப் பிளாஸ்டிக்கின் இயல்பை நம்பியது. மெல்லிய குழாய்க்குள் நேராக நிற்கும். கருப்பைக்குள் விட்டதும் சுருண்டுகொள்ளும். எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்பேட் கலக்கப்பட்டது. பிறகு ஹோவார்ட் டாட்டம் 'டி' வடிவத்தைக் கொண்டுவந்தார். சிலி நாட்டின் ஹைமே சிப்பர் தாமிரத்தின் ஆற்றலைக் கண்டறிந்தார். 380 சதுர மில்லிமீட்டர் தாமிரப் பரப்பு கொண்ட காப்பர்-டி பத்தாண்டுக்கு மேல் வேலை செய்யும். எடுத்துவிட்டால் கருத்தரிக்கும் திறன் உடனே திரும்பும்.

பாலிமரின் ஒரு சிறு பிழை எவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் என்பதற்கு டால்கன் ஷீல்டு என்ற கருப்பைச் சாதனம் சாட்சி. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஹ்யூ டேவிஸ் 1970-இல் வெளியிட்ட கட்டுரை, இந்தச் சாதனம் அணிந்த பெண்களில் சுமார் ஒரு சதவீதத்தினரே கருத்தரித்ததாகச் சொன்னது. சாதனத்தில் அவருக்குப் பண லாபம் இருந்தது அப்போது வாசகர்களுக்குத் தெரியவில்லை. ஏ.எச். ராபின்ஸ் நிறுவனம் 1971-இல் இருந்து அமெரிக்காவில் மட்டும் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. கோளாறு சாதனத்தில் தொங்கிய நூலில் இருந்தது. பிற சாதனங்களில் ஒற்றை இழை. இதில் நூற்றுக்கணக்கான நைலான் இழைகளை ஒரு நைலான் உறைக்குள் கட்டி, முனைகளைத் திறந்தே விட்டிருந்தார்கள். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல அந்த இழைக்கட்டு கிருமிகளைக் கருப்பைக்குள் ஏற்றியது. கடுமையான தொற்று, மலட்டுத்தன்மை, சில மரணங்கள். 1974-இல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. 1985-இல் நிறுவனம் திவாலானது. மருத்துவச் சாதனங்களையும் மருந்துகளைப்போலக் கட்டுப்படுத்தும் 1976-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஹார்மோனைப் பாலிமருக்குள் அடைக்கும் யோசனை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படை மருத்துவமனையில் பணியாற்றிய ஜூடா ஃபோக்மன், டேவிட் லாங் இருவரும் சிலிகோன் ரப்பர் சுவரின் வழியே சில சாயங்களும் மருந்துகளும் மெல்லக் கசிவதைக் கவனித்து 1964-இல் எழுதினார்கள். அவர்கள் தேடியது இதய மருந்துக்கு வழி. பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு அமைப்பில் ஷெல்டன் சீகல் அதைக் கருத்தடைக்குத் திருப்பினார். சுவரின் தடிமன், குழலின் நீளம், மருந்தின் கரைதிறன் மூன்றும் சேர்ந்து கசிவின் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. நார்பிளான்டின் ஆறு குழல்களிலிருந்தும் முதலில் நாளொன்றுக்குச் சுமார் 85 மைக்ரோகிராம், ஒன்பது மாதத்தில் 50, பின்னர் 30 அளவுக்கு ஹார்மோன் வெளியேறும். யாலோவும் பெர்சனும் திறந்துவிட்ட அளவைமுறை இல்லாமல் இவ்வளவு நுண்ணிய அளவை இரத்தத்தில் தொடர்ந்து கண்காணித்திருக்க இயலாது.

நார்பிளான்ட் 1983-இல் பின்லாந்தில் அனுமதி பெற்றது. அதே பின்லாந்தில் தபானி லூக்கைனன் உருவாக்கிய, 52 மில்லிகிராம் ஹார்மோன் கொண்ட கருப்பைச் சாதனம் 1990-இல் வெளிவந்தது. பிறகு எத்திலீன் வினைல் அசிட்டேட் என்ற பாலிமரில் செய்த ஒற்றைக் குச்சி வந்தது; நான்கு சென்டிமீட்டர் நீளம், 68 மில்லிகிராம் எட்டோனோஜெஸ்ட்ரெல். ஆறு ஒன்றானதற்குக் காரணம் அனுபவம். நார்பிளான்டைச் செருக ஒரு பயிற்சி போதும். எடுப்பதோ தனிக் கலை. குழல்கள் ஆழத்தில் நழுவிவிட்டால், சுற்றித் தழும்புத் திசு வளர்ந்துவிட்டால், எடுக்கும் அறுவை நீண்டது, வலித்தது. செருகக் கற்றுத் தந்த அளவுக்கு எடுக்கக் கற்றுத் தரவில்லை. அமெரிக்காவில் வழக்குகள் குவிந்து 2002-இல் சந்தையிலிருந்து அது விலகியது. வங்கதேசத்தில் சோதனைக் காலத்திலேயே, எடுத்துவிடுங்கள் என்று கேட்ட பெண்களைத் திருப்பி அனுப்பியதாகப் பெண்கள் அமைப்புகள் பதிவு செய்தன. பாலிமர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைச் சுற்றியிருந்த ஏற்பாடு செய்யவில்லை.

பேச்சும் ஓர் ஆய்வுப் பொருள்

மாத்திரையின் கதையிலும் இதே குறை. மெக்சிகோவின் காட்டுக் கிழங்கிலிருந்து ஹார்மோன் வடிக்கும் வழியை ரஸ்ஸல் மார்க்கர் கண்டார். 1951-இல் கார்ல் ஜெராசி, ஜார்ஜ் ரோசன்கிரான்ஸ், லூயிஸ் மிராமான்டெஸ் நார்எதிஸ்டெரோனை உருவாக்கினார்கள். கிரெகரி பிங்கஸ், எம்.சி. சாங், ஜான் ராக் ஆகியோர் வேறொரு ஹார்மோனைக் கொண்டு செய்த மாத்திரையை 1956-இல் போர்ட்டோ ரிகோவில் சோதித்தார்கள். இது சோதனை என்று அங்கிருந்த பெண்களுக்குத் தெளிவாகச் சொல்லப்படவில்லை. பொறுப்பு மருத்துவர் எட்ரிஸ் ரைஸ்-ரே, 17 சதவீதப் பெண்களுக்குக் குமட்டல், தலைச்சுற்றல், தலைவலி என்று பதிவு செய்து, பக்கவிளைவு ஏற்கத்தக்க அளவைத் தாண்டியது என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கை மனப்பிரமை என்று ஒதுக்கப்பட்டது. 1960-இல் அனுமதி பெற்ற அந்த மாத்திரையில் இன்றைய மாத்திரைகளைவிடப் பல மடங்கு ஹார்மோன் இருந்தது. 1970-இல் அமெரிக்க செனட்டில் நடந்த விசாரணையில், பார்வையாளர் வரிசையிலிருந்து பெண்கள் எழுந்து, மாத்திரை சாப்பிடும் எங்களில் ஒருவரைக்கூட ஏன் சாட்சியாக அழைக்கவில்லை என்று கேட்டார்கள். அதன் பிறகே மாத்திரைப் பெட்டிக்குள் பயனாளிக்கான விளக்கத் தாள் கட்டாயமானது.

வாய்ச் சொல்லின் பயனை எண்ணிக்கையில் காட்ட முடியுமா? முடியும் என்று அடுத்த இருபது ஆண்டுகள் காட்டின. 1975-இல் வங்கதேசத்தின் மத்லப் பகுதியில் வீடுவீடாக மாத்திரையும் ஆணுறையும் கொடுத்தார்கள். விநியோகம் செய்தவர்கள் ஊர் மருத்துவச்சிகள்; பக்கவிளைவு வந்தால் என்ன செய்வது என்ற பயிற்சியோ பின்பலமோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. பயன்பாடு சில மாதங்களில் ஏறி, ஓராண்டுக்குள் சரிந்தது. 1977-இல் அதே இடத்தில் முறை மாறியது. உள்ளூரைச் சேர்ந்த, திருமணமான, படித்த இளம்பெண்கள் பயிற்சி பெற்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீடு தேடிப் போனார்கள். ஊசி, மாத்திரை, வளையம் என்று பல முறைகளைச் சொன்னார்கள், உபாதை என்றால் கவனித்தார்கள், வேண்டாம் என்றால் வேறு முறைக்கு மாற்றினார்கள். பயன்பாடு உயர்ந்தது, உயர்ந்த இடத்தில் நின்றது. பொருள் அதே பொருள்; மாறியது உறவு.

1990-இல் ஜூடித் புரூஸ் குடும்ப நலச் சேவையின் தரத்துக்கு ஆறு அளவுகோல்களை வகுத்தார். முறைகளில் தேர்வு, தகவல், தொழில்திறன், மனிதரை மனிதர் நடத்தும் விதம், தொடர் கவனிப்பு, பிற சேவைகளோடு இணைப்பு. அடுத்த ஆண்டு இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவிலிருந்து வெளியான ஆய்வு ஒன்று இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. தான் கேட்ட முறையே கிடைத்த பெண்களில் சுமார் 9 சதவீதத்தினர் ஓராண்டுக்குள் அதை நிறுத்தினார்கள். கேட்டது மறுக்கப்பட்டு வேறொன்று தரப்பட்டவர்களில் 72 சதவீதத்தினர் நிறுத்தினார்கள். 1996-இல் சீனாவில் மூன்று மாத ஊசி பெற்ற 421 பெண்களிடம் நடந்த ஆய்வும் அதே திசையைக் காட்டியது. மாதவிலக்கு ஒழுங்கு தவறும், நின்றும் போகலாம், அது ஆபத்தல்ல என்று முன்கூட்டியே விரிவாகக் கேட்டவர்களில் 11 சதவீதத்தினரும், வழக்கமான சுருக்கப் பேச்சு மட்டும் கேட்டவர்களில் 42 சதவீதத்தினரும் ஓராண்டில் விலகினார்கள். எந்தப் புதுப் பாலிமராலும் இவ்வளவு வித்தியாசத்தைக் கொண்டுவர முடியுமா என்பது ஐயமே.

ஊசியில் இந்தப் பேச்சு இன்னும் முக்கியம். குச்சியை எடுத்துவிடலாம், வளையத்தை இழுத்துவிடலாம். போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க வழியில்லை. மருந்து கரைந்து தீரும்வரை, அதன் பிறகும் சில மாதங்கள், கருத்தரிப்புத் தாமதமாகலாம். அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்ணிடம் இதை ஊசிக்கு முன் சொல்லியாக வேண்டும்.

ஆலோசனை யாருக்கு, பெண்ணுக்குத் தனியாகவா தம்பதிக்குச் சேர்த்தா? இங்கே ஆய்வுகள் எளிய விடை தரவில்லை. சாம்பியாவின் லுசாகாவில் நவா அஷ்ரஃப், எரிக்கா ஃபீல்ட், ஜீன் லீ மூவரும் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், கணவர் உடனிருக்கக் கருத்தடை வாய்ப்புப் பெற்ற பெண்கள், தனியாகப் பெற்றவர்களைவிட 19 சதவீதம் குறைவாகவே சேவையை நாடினார்கள். குழந்தை பெறும் வாய்ப்பு 27 சதவீதம் கூடியது. ஆனால் தனியாகப் பெற்றவர்கள் மனநிறைவு குறைந்ததாகவும் சொன்னார்கள். மறைத்து வாழ்வதற்கும் ஒரு விலை உண்டு. மாறாக, மகாராஷ்டிரத்தின் தானே மாவட்டக் கிராமங்களில் 1,081 தம்பதிகளிடையே நடந்த 'சார்ம்' ஆய்வில், கணவர்களிடம் ஊர் ஆண் மருத்துவப் பணியாளர்கள் கருத்தடையையும் ஆண்-பெண் சமத்துவத்தையும் சேர்த்துப் பேசினார்கள். பதினெட்டு மாதம் கழித்துக் கருத்தடைப் பயன்பாடு உயர்ந்திருந்தது, மனைவி மீதான பாலியல் வன்முறை குறைந்திருந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், கணவனை வெறுமனே அறைக்குள் உட்கார வைப்பது வேறு, அவனோடு பேசி அவன் எண்ணத்தை மாற்ற முயல்வது வேறு என்று புரிகிறது. பெண்ணிடம் முதலில் தனியாகப் பேசி, அவள் சம்மதித்தால் கணவனையோ மாமியாரையோ அழைப்பது என்ற ஒழுங்கு இதிலிருந்தே கிடைக்கிறது.

இந்திய ஏடு

இந்தியா 1952-இல் அரசுக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. சென்னை மாநிலம் கருத்தடை அறுவை செய்துகொள்வோருக்குப் பணம் தரும் வழக்கத்தை 1950-களிலேயே கொண்டுவந்தது. தலைமைச் செயலாளராக இருந்த ஆர்.ஏ. கோபாலசாமி அதன் தீவிர ஆதரவாளர். ஆள் பிடித்து வருபவருக்கும் தொகை உண்டு. அதே காலத்தில் திண்டுக்கல் அருகே, டாக்டர் சௌந்தரம் அம்மையார் உருவாக்கிய காந்திகிராமத்தில் வேறு பாதை சோதிக்கப்பட்டது. ஆத்தூர் ஒன்றியத்தில் சுகாதாரப் பணியாளர்கள் ஊர்த் தலைவர்களோடும் தம்பதிகளோடும் உட்கார்ந்து பேசி, தாய்சேய் நலத்தோடு குடும்பக் கட்டுப்பாட்டை இணைத்தார்கள். ஒரே மாநிலத்தில் பணமும் பேச்சும் இரண்டு பாதைகளாகப் போய்க்கொண்டிருந்தன.

நாடு தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் பணத்தோடு எண்ணிக்கை இலக்கும் வைத்த பாதை. 1965-இல் லிப்பஸ் லூப் வந்தபோது கான்பூரில் தொழிற்சாலையே அமைந்தது. முதல் இரண்டு ஆண்டுகள் எண்ணிக்கை ஏறியது. இரத்தப்போக்கு வரும், தானே வெளியே விழலாம், இடம் பிசகலாம் என்று முன்னரே சொல்லப்படாத பெண்கள் அஞ்சினார்கள்; கேட்கப் போனால் கவனிக்க ஆளில்லை. வதந்தி அந்த வெற்றிடத்தை நிரப்பியது, எண்ணிக்கை சரிந்தது. அவசரநிலையின்போது 1976–77-இல் 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள் நடந்தன. பெரும்பாலானவை ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயமாக. ஆண்களின் அறுவை என்ற எளிய, பாதுகாப்பான முறை அந்தக் களங்கத்திலிருந்து இன்னும் மீளவில்லை.

1985-இல் ஐதராபாத் அருகே பட்டன்செருவில் நெட்-என் என்ற ஹார்மோன் ஊசியின் சோதனை முகாம் நடந்தது. இது ஆய்வு என்பதே அங்கு வந்த பெண்களுக்குத் தெரியாது என்பதை ஸ்திரீ சக்தி சங்கடனா அமைப்பினர் நேரில் கண்டு, உச்ச நீதிமன்றம் சென்றார்கள். இந்தியாவில் அறிந்து தரும் சம்மதம் பற்றிய விவாதத்துக்கு அந்த வழக்கு அடிக்கல். 1994-இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டுக்குப் பிறகு, 1996-இல் மத்திய அரசு முறைவாரி இலக்குகளைக் கைவிட்டது. ஆனாலும் 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு அறுவை நடந்தது. அந்த வாரம் நடந்த முகாம்களுக்கு வந்தவர்களில் 13 பேர் இறந்தார்கள். 2016-இல் தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில், அறுவை முகாம்களை மூன்று ஆண்டுக்குள் நிறுத்தும்படி உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) அண்மைக்கால நிலையைச் சொல்கிறது. திருமணமான பெண்களில் 37.9 சதவீதத்தினரின் முறை பெண் அறுவை. ஆண் அறுவை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண் அறுவை 57.8 சதவீதம். இரண்டாவது பிரசவத்தோடு 'ஆபரேஷன் பண்ணியாச்சு' என்று முடித்துக்கொள்வது இங்கே கிட்டத்தட்ட வழமை. பயன்படுத்தும் முறையின் பக்கவிளைவு பற்றி எப்போதாவது சொல்லப்பட்டதாகக் கூறியவர்கள் நாடு முழுவதும் 62.4 சதவீதம். முந்தைய சுற்றில் அது 46.5. முன்னேற்றம் உண்மை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள், உடலுக்குள் என்ன நடக்கும் என்று கேட்காமலேயே ஒரு முறையில் இருக்கிறார்கள். திரும்பப் பெறக் கடினமான முறை மேலோங்கிய நாட்டில் இது கவலைக்குரியது.

ஆண்கள் பக்கம்

கருத்தடை பெண்களின் வேலை என்று அதே தேசிய ஆய்வில் 35 சதவீத ஆண்கள் சொன்னார்கள். அறிவியல் அந்த எண்ணத்தை மாற்ற இரண்டு வழிகளில் முயல்கிறது. ஒன்று ஹார்மோன். 2016-இல் வெளியான, 320 ஆண்கள் பங்கேற்ற ஊசி ஆய்வு நல்ல பலன் தந்தும், மனநிலை மாற்றம் உள்ளிட்ட உபாதைகளால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. தோலில் தடவும் களிம்பு அடுத்த முயற்சி. விந்தணு உருவாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆவதால், இவற்றில் எண்ணிக்கை இறங்கிவிட்டதா என்று சோதனை செய்து பார்த்த பிறகே தம்பதி நம்ப முடியும்.

மற்றது பாலிமர். ஐ.ஐ.டி. கரக்பூரின் சுஜய் குகா 1970-களிலிருந்து வளர்த்த 'ரிசுக்' முறையில், ஸ்டைரீன் மேலிக் அன்ஹைட்ரைடு என்ற பாலிமர் விந்துக்குழாய்க்குள் ஊசியால் செலுத்தப்படுகிறது. குழாய்ச் சுவரில் படியும் பாலிமரின் மின்னூட்டம், கடந்து செல்லும் விந்தணுக்களின் சவ்வைக் குலைக்கிறது. நடுவில் பல ஆண்டுகள் தடைப்பட்ட ஆய்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மேற்பார்வையில் மூன்றாம் கட்டத்தை முடித்து 2023-இல் வெளியானது: திருமணமான 303 ஆண்கள், ஐந்து மையங்கள், கர்ப்பத் தடுப்பில் 99 சதவீதப் பலன். விலங்குகளில் பாலிமரைக் கரைத்து வெளியேற்றிக் கருவுறும் திறனைத் திரும்பக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களிலும் அதை அதே உறுதியோடு காட்டினால்தான், ஆண் அறுவையான வாசெக்டமியிலிருந்து இதைப் பிரிக்கும் ஒரே பெரிய அம்சம் நிலைபெறும்.

இனி செய்ய வேண்டியவை

அண்மை ஆண்டுகளில் இந்திய அரசு, முன்பே இருந்த 'அந்தரா' கருத்தடை ஊசியோடு ஒற்றைக் குச்சி இம்ப்ளான்டையும் சில மாநிலங்களில் அரசு மருத்துவமனைகள் வழியே தரத் தொடங்கியிருக்கிறது. வரவேற்க வேண்டிய முயற்சி. அறுவை ஒன்றே வழி என்றிருந்த பெண்ணுக்குக் குழந்தைகளுக்கிடையே இடைவெளி விடும் உறுதியான வழி கிடைக்கிறது. நார்பிளான்ட் கற்றுத் தந்ததை இங்கே மறக்கக் கூடாது. குச்சி செருகும் ஒவ்வொரு மையத்திலும், எடுக்கப் பயிற்சி பெற்றவர் எல்லா வேலை நாளிலும் இருக்க வேண்டும். ஆழத்தில் நழுவிய குச்சியைக் கண்டறிய ஸ்கேன் வசதியுள்ள பெரிய மருத்துவமனையின் பெயர் பெண்ணின் அட்டையிலேயே எழுதப்பட வேண்டும்.

புள்ளிவிவரத்திலும் மாற்றம் தேவை. எத்தனை பேருக்குப் போட்டோம் என்பது மாதாமாதம் மேலே போகிறது. எத்தனை பேர் எடுக்கக் கேட்டார்கள், எத்தனை நாளில் எடுக்கப்பட்டது, எத்தனை பேரை இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினோம் என்பதும் அதே படிவத்தில் ஏற வேண்டும். புதிய பாலிமருக்கும் புதிய ஹார்மோனுக்கும் ஆய்வுப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், ஒவ்வொரு சோதனையிலும் ஆலோசனையின் தரத்தைத் தனி ஆய்வுக் கேள்வியாக்கி அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். கிராமச் செவிலியர் ஒருவருக்கு ஒரு தம்பதியிடம் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் கிடைக்கும்படி அவருடைய பணிச்சுமையைத் திருத்தி அமைப்பதும் இதே ஆய்வுத் திட்டத்தின் பகுதி. மத்லபில் அடுத்தடுத்துச் சோதித்ததைப் போன்ற இரண்டு அணுகுமுறைகளை ஒரே மாவட்டத்தில் அருகருகே வைத்து ஒப்பிட, இம்ப்ளான்ட் இப்போதுதான் நுழையும் மாவட்டங்களைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.